அம்பு தைத்த இடத்தில் சுற்றிய துரப்பணம்

இதை எனக்கு முதலில் சொன்னது என் இரண்டாவது மகளின் மாமியார் பிரகாசியம்மாள். போன தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து, கோயில் வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் எங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, “சம்பந்தி, உங்க ஊர்ல செருப்பு காணாமப் போனா மொதல்ல யாரச் சந்தேகப்படுவிய?” என்று கேட்டார்கள். நான் யோசித்து ஒரு பேரைச் சொல்ல வாயெடுத்தேன். அவர்கள் என் கையைப் பிடித்து, சொல்ல வேண்டாம் என்று தலையசைத்து, அங்கேயே படியில் உட்காரவைத்து, தங்கள் பிறந்த ஊரில் நடந்ததைச் சொன்னார்கள். கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன். எழுத உட்காருமுன் ஒரு பரலோக மந்திரம் சொல்லிக்கொண்டேன்.

அவர்கள் பிறந்த ஊர் மரக்கலத்துறை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், நடுவில் செபஸ்தியார் கோயில், கோயிலுக்கு எதிரே பழஞ்சாமான் கடைகளாகவே இருக்கிற ஒரு நீளத் தெரு. இடிக்கிற வீடுகளிலிருந்து வருகிற கதவு, தூண், தொட்டில், நாற்காலி எல்லாவற்றையும் வாங்கி விற்கிற தெரு, வரத்து இல்லாத மாதங்களில் புதுசையே பழசாக்கி விற்கிற தெரு. அதற்கு அங்கே ‘பழுக்க வைப்பது’ என்று பேர். தேயிலைச் சாற்றில் ஊறவைத்து, உப்புத் தண்ணீர் தெளித்து வெயிலில் காயப்போட்டு, எருக்குழியில் நாற்பது நாள் புதைத்து, எடுத்துத் துடைத்து, மெல்லிய ஊசியால் பூச்சி அரித்த மாதிரி ஓட்டை போட்டு, மூன்று மாதத்து நாற்காலியை முந்நூறு வருஷத்து நாற்காலியாக்கி வாசலில் தூக்கி வைத்துவிடுவார்கள். எல்லோருக்கும் இந்தக் கைவேலை தெரியும் என்பதால் ஒருவர் சாமானை ஒருவர் நம்புவதில்லை, ஒருவர் பேச்சையும் ஒருவர் நம்புவதில்லை. எதிரே வருகிறவர் சர்வேசுரனுக்குத் தோத்திரம் என்று சொன்னால்கூட அதையும் ஒரு தரம் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொள்வார்களாம்.

அந்தத் தெருவில் சொன்னால் சொன்னதுதான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே ஆள் கபிரியேல் அண்ணாச்சி. தச்சுக் கருவிகள் அவர் வியாபாரம், அதிலும் கைத்துரப்பணம் என்றால் உயிர். மின்சாரத் துரப்பணம் வருமுன்னே தச்சர்கள் மரத்தில் துளை போட வைத்திருந்தது அது. உச்சியில் நெஞ்சை வைத்து அழுத்த ஒரு மரக்குமிழ், அதைத் தலை என்பார்கள். நடுவில் வில்லாக வளைந்த தண்டு, தண்டில் கை பிடித்துச் சுற்ற ஒரு மரப்பிடி, அடியில் துளை போடுகிற அலகைக் கவ்விக்கொள்ள ஒரு வாய். பழைய துரப்பணங்களைத் தேடிச் சேர்க்கிறவர்கள் எங்கெங்கிருந்தோ அவரிடம் வருவார்கள். அவர் பெஞ்சில் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, தண்டும் மரமாக இருந்து மூட்டுக்கு மூட்டு பித்தளைத் தகடு அடித்திருந்தால் அது மூத்தவர் வரிசை, தண்டு இரும்பாகி வாயின் பக்கத்தில் ஒரு திருகாணியை முடுக்கி அலகைப் பிடித்தால் அதுவும் மூத்தவர்தான், திருகுகிற குழலுக்குள் இரண்டு தாடை நெருங்கி வந்து அலகைக் கவ்வினால் அதற்குப் பிந்தியவர், முழுச் சுற்றுக்கு இடமில்லாத சுவர் மூலையில் டிக் டிக்கென்று போய்ப் போய் வர ஒரு பல்சக்கரமும் இருந்தால் எல்லோருக்கும் இளையவர் என்று, குடும்பத்தாரை அறிமுகப்படுத்துகிற மாதிரி சொல்லிக்கொண்டு போவார். பொய்யாகத் தேய்த்தது சுற்றிலும் ஒன்றுபோல இருக்கும், உண்மையில் தேய்ந்தது ஒரு பக்கம் கோணலாக இருக்கும், ஏனென்றால் மனுசன் கோணலாகத்தான் சாய்வான் என்பார். கடைசியில் ஒவ்வொருவருக்கும் தவறாமல் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவார்:

“தலையப் பாத்து வயசு சொல்லாதிய. தலை மாறும். வாயப் பாருங்க.”

துரப்பணத்தில் முதலில் வெடிப்பது தலைதான். தச்சர் புதுத் தலை கடைந்து போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பார். அண்ணாச்சியும் தம் கடைக்கு வருகிற தலையில்லாத துரப்பணங்களுக்குச் சந்தியாகு மேஸ்திரியைக் கொண்டு பலா மரத்தில் தலை கடைந்து போடுவார். சந்தியாகு தாம் கடைந்த ஒவ்வொரு தலைக்கும் அடியில் மூன்று புள்ளி குத்திவிடுவார். அது பழைய தலை இல்லை, நான் போட்டது என்று யாராவது பார்த்தால் தெரியட்டும் என்பதற்காக. அந்தத் தெருவிலேயே தன் வேலை புதுசு என்று தானே அடையாளம் போட்டவர் அவர் ஒருவர்தான் என்று பிரகாசியம்மாள் சொன்னார்கள்.

சந்தியாகு இறந்த பன்னிரண்டாம் வருஷத்து ஆனி மாதத்தில், மலைத் தோட்டத்து பங்களா ஒன்றைக் காலி செய்த சாமான்களோடு ஒரு கைத்துரப்பணம் அண்ணாச்சியின் கடைக்கு வந்தது. அவர் கையில் எடுத்ததும் அது யாரென்று தெரிந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு முன்னே அவரே விற்றதுதான். இரண்டு தாடை வாய், பல்சக்கரம் இல்லை, தண்டில் அடித்திருந்த எழுத்து பாதி மழுங்கியிருந்தது, நூறு வயசு தாண்டியது, நூற்று முப்பதுக்குள். தலைக்கு அடியில் மூன்று புள்ளி. ஒரு அலகை மாட்டி, சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்கத் தம் கடை பெஞ்சின்மேல் நிறுத்தி நெஞ்சைச் சாய்த்தார். பிடி அவர் கையிலிருந்து நழுவி, தானாக ஏழு தரம் சுற்றி, நின்றது. அவர் அந்தப் பெஞ்சைச் செய்யச் சொல்லி ஏழு வருஷம் ஆகியிருந்தது. வாசல் நிலையில் வைத்தார். அறுபத்து நாலு தரம் சுற்றி நின்றது. அவருடைய அப்பா கல்யாணம் முடித்து வீடு கட்டிய வருஷத்திலிருந்து எண்ணினால் அறுபத்து நாலு. அண்ணாச்சி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, சாப்பாட்டு நேரமாகிவிட்டதால் வீட்டுக்குப் போய், மீன் குழம்புக்கு நடுவே மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் குழம்பு போதுமா என்று கேட்டுவிட்டு, கட்டிலையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள், கல்யாணத்துக்கு எங்க அப்பா புதுசு என்று சொல்லித்தான் கொடுத்தார் என்றாள்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருத்தரும் எப்படி என்று கேட்கவில்லை. யார் வீட்டில் என்ன சுற்றியது என்றுதான் கேட்டார்கள். மறுநாள் காலையில் கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வந்து, அதைக் கடலில் போட்டுவிடும்படி அண்ணாச்சியிடம் சொன்னார்கள். மத்தியானம் அதே கடைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தனித்தனியே வந்து, பக்கத்துக் கடைத் தூணை ஒரு தரம் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். பெண் வீட்டார் கொடுத்த தேக்குக் கட்டிலுக்கு மாப்பிள்ளை வீட்டார் அலகு வைத்தார்கள், மூன்று வருஷத்து வள்ளம் என்று வாங்கின வள்ளம் பத்தொன்பது தரம் சுற்றியது, ஒரு வீட்டுப் பரணில் புருஷன் பூட்டி வைத்திருந்த பெட்டிக்குக் கல்யாணத்தைவிட இரண்டு வயசு கூட என்று தெரிந்து, அதை யார் கொடுத்தது என்று அந்த வீட்டில் பதினைந்து நாள் அடுப்பு சரியாக எரியவில்லை. துரப்பணம் போன இடமெல்லாம் சுண்டுவிரல் நுழைகிற அளவு ஒரு ஓட்டை விழும். அதைக் கோயில் மெழுகுதிரியை உருக்கி அடைத்துக்கொண்டார்கள். ஆவணி முடிவதற்குள் ஊரில் ஓட்டை இல்லாத நிலை இல்லை, ஓட்டை இல்லாத அலமாரி இல்லை. யார் வீட்டிலாவது ஓட்டை இல்லாத ஒரு சாமான் இருந்தால், எதை மறைக்கிறார்கள் என்று தெருவே அந்த வீட்டைப் பார்த்து நடந்தது.

இவ்வளவுக்கும் நடுவே ஒரே ஒருத்திதான் தன் வீட்டுச் சாமானுக்காக இல்லாமல் வேறு ஒன்றுக்காக வந்து நின்றாள். சந்தியாகுவின் மனைவி தெக்லா.

அவள் கதையைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னே, தை மாதப் பெருவிழாவுக்கு முன், வர்ணம் பூசுவதற்காகச் செபஸ்தியார் சுரூபத்தைச் சந்தியாகுவிடம் கொடுத்தார் அப்போதிருந்த வயசான பங்குச் சாமியார். ஆள் உயரச் சுரூபம், மரத்தோடு கட்டப்பட்டு, மார்பிலும் தொடையிலும் இரும்பு அம்புகள் தைத்து, முந்நூறு வருஷத்துக்கு முன் கப்பலில் வந்தது என்று ஊர் நம்பின சுரூபம். ஒன்பது நாள் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு சந்தியாகு வேலை செய்தார். ஒருத்தரையும் உள்ளே விடவில்லை. பத்தாம் நாள் சுரூபம் கோயிலுக்குத் திரும்பியது. முதல் ஆளாகப் பாதத்தை முத்தி செய்தவர் கபிரியேல் அண்ணாச்சி. தலைமுறை தலைமுறையாக ஊர் முத்தமிட்டு மழுங்கின பாதம் அது. அன்றைக்கு அவர் உதட்டுக்கு அது மழுங்கலாகப் படவில்லை. அவர் ஒருத்தரிடம்தான் சொன்னார்: “பாதம் புதுசால்லா இருக்கு.” மத்தியானத்துக்குள் அது, சந்தியாகு பழைய செபஸ்தியாரை விற்றுவிட்டுப் புதுசு செய்து பழுக்க வைத்துக் கொடுத்துவிட்டான் என்று ஆகிவிட்டது. பங்குச் சாமியார் விழா முடிந்த மறுவாரமே உடம்புக்கு முடியாமல் போய், ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். சந்தியாகுவைக் கேட்டதற்கு, நான் விற்கவில்லை என்ற ஒரு வார்த்தைக்கு மேல் அவர் சொல்லவில்லை. எட்டு மாதம் யாரும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. புரட்டாசியில் அவரும் போய்ச் சேர்ந்தார். கல்லறைத் தோட்டத்தில் வேலியோரமாக இடம் கொடுத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். மரக்கலத்துறையில் அன்று சாமியார் கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்குமுன், இறந்தவர்கள் பேர்களைத் தெருத் தெருவாக வாசிப்பார்கள். வீட்டுக்கு வீடு சீட்டில் பேர் எழுதிக் கொடுக்க, கோயில் கமிட்டித் தலைவர் தொபியாஸ் அதைப் படியெடுத்துக் கொடுப்பார். தெக்லா வருஷா வருஷம் சந்தியாகு என்று எழுதிக் கொடுத்தாள். வருஷா வருஷம் அந்தப் பேர் படியில் ஏறவில்லை. பன்னிரண்டு கல்லறைத் திருநாள் அவள் கூட்டத்தில் நின்று, கடைசிப் பேர் வரைக்கும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அந்தப் பேர் வாசிக்கப்பட வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஒன்பது நாளும் சந்தியாகு வீட்டுக்கு வரும்போது துண்டில் ஒரு கைப்பிடி மரத்தூளை முடிந்துகொண்டு வந்து, முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். என்ன அது என்று கேட்டாள். சொல்லக் கூடாது என்றார். அவர் வெளியே போயிருந்த ஒரு காலையில் அவள் அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தாள். தூள்தான் இருந்தது. புது மரத்தை இழைத்தால் தூள் வரும் என்று யாருக்குத்தான் தெரியாது. அவள் மண்ணை மூடிவிட்டுக் கையைக் கழுவினாள். அன்றைக்கு அவளுக்குள் விழுந்த சந்தேகம், அவரைப் புதைத்த பிறகும் புதையாமல் பன்னிரண்டு வருஷம் அவளோடே செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது.

அதனால் துரப்பணத்தைச் செபஸ்தியாருக்கு வைத்துப் பாருங்கள் என்று புதுப் பங்குச் சாமியிடம் அவள் போய்க் கேட்டபோது, அது ஊருக்காகக் கேட்டதா தனக்காகக் கேட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை. சாமியார் சின்ன வயசுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். சுரூபத்தில் ஓட்டை போடுவதா என்று தயங்கினார். தொபியாஸ் தயங்கவில்லை. அவர்தான் இரண்டு வருஷத்துக்கு முன் முந்நூறாம் ஆண்டு விழா நடத்தி, கோயில் முகப்பில் கல்வெட்டும் பதித்தவர். அந்த விழாவிலும், நம்மிடம் இருப்பது உண்மைச் சுரூபம் இல்லை, அதைத் திருடன் ஒருவன் விற்றுவிட்டான், ஆனாலும் வருஷம் வருஷம்தான் என்று பேசியவர். உள்ளங்காலில் போடலாம் சாமி, யார் கண்ணுக்கும் தெரியாது என்றார்.

ஐப்பசி முதல் ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து, பட்டப்பகலில், ஊர் முழுக்கக் கோயிலுக்குள் நின்றது. செபஸ்தியாரைத் தலையணை போட்டுப் பெஞ்சில் கிடத்தினார்கள். கபிரியேல் அண்ணாச்சி வலது உள்ளங்காலில் அலகை வைத்து நெஞ்சைச் சாய்த்தார். துரப்பணம் சுற்றியது. ஒன்று என்றது கூட்டம், இரண்டு என்றது, மூன்று என்றது, பத்து வரும்போது குரல் உயர்ந்தது, பதினொன்று, பன்னிரண்டு, பன்னிரண்டோடு துரப்பணம் நின்றது. அண்ணாச்சி நெஞ்சை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். அது அசையவில்லை.

தொபியாஸ் திரும்பி, “போதுமா தெக்லா?” என்றார்.

அவள் தலையாட்டினாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வழிவிட்ட கூட்டத்துக்கு நடுவே வெளியே நடந்தாள். அழவில்லையாம். பன்னிரண்டு வருஷமாகத் தெரியாமல் இருந்தது தெரிந்துவிட்டதால், உட்கார இடம் கிடைத்த மாதிரி இருந்தது என்று பின்னாளில் அவளே பிரகாசியம்மாளிடம் சொன்னாள்.

மறுநாள் காலையில் அவள் சந்தியாகுவின் உளிப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு கபிரியேல் அண்ணாச்சி கடைக்குப் போனாள். அது இனிமேல் வீட்டில் இருக்க வேண்டாம், யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல. கடைக்குள் வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு துரப்பணத்தைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். தலை புதுசாகத் தெரிகிறதே, அப்படியானால் சாமானே டூப்ளிகேட்டா என்று சந்தேகமாகக் கேட்டார். அண்ணாச்சி ஆயிரம் தரம் சொன்ன வார்த்தையை ஆயிரத்தோராம் தரமாகச் சொன்னார். தலையைப் பார்த்து வயசு சொல்லாதீர்கள், தலை மாறும், வாயைப் பாருங்கள்.

தெக்லா பெட்டியை இறக்கவில்லை. தலையில் பெட்டியோடு வாசலிலேயே நின்றாள்.

“அண்ணாச்சி, தொரப்பணத்துக்குத் தலையப் பாத்து வயசு சொல்லக் கூடாதுங்கிய. செபஸ்தியாருக்கு மட்டும் காலப் பாத்துச் சொல்லலாமா?”

வெளியூர்க்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துரப்பணத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அண்ணாச்சி தம் உதட்டைப் புறங்கையால் துடைத்தார், ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி மறுபடியும் துடைத்தார். பிறகு அவளைப் பார்க்காமல், மார்பில் ஓட்டை போட இந்த ஊரில் எவன் விடுவான் என்றார்.

“புதுசா எதுக்குப் போடணும். அம்பு தச்ச ஓட்டை இருக்குல்லா,” என்றாள் தெக்லா.

இந்தத் தடவை ஊர் சும்மா இருக்கவில்லை. துரப்பணத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. தலைக்கு அடியில் மூன்று புள்ளி இருப்பதைத் தொபியாஸ் கண்டுபிடித்தார். திருடன் தலை போட்ட துரப்பணம் திருடனுக்குச் சாதகமாகத்தானே சுற்றும் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு சுற்றியபோது யாரும் அதன் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. இருபது வருஷத்துக்கு முன் போன சாமான் ஏன் இப்போது திரும்பி வந்தது என்றார்கள், அண்ணாச்சிக்கும் தெக்லாவுக்கும் என்ன பேச்சு என்றார்கள், அதைப் பழுக்க வைத்திருக்கிறார்கள் என்றுகூடச் சொன்னார்கள். துரப்பணத்தின் வயசைத் துரப்பணத்தாலேயே பார்க்க முடியாது, தன் அலகு தன் தலைக்கு எட்டாது. ஆகவே புதன்கிழமை மாலை செபத்துக்குப் பிறகு, ஊர் முன்னால், பீடத்துக்குக் கீழே, கபிரியேல் அண்ணாச்சி அந்தத் துரப்பணத்துக்குச் சாட்சி சொன்னார். குழலைத் திருகிக் கழற்றி இரண்டு தாடைகளையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். தண்டில் கை படுகிற பக்கம் மட்டும் பளபளப்பாகி, கை படாத உள்வளைவில் பழைய பூச்சு அப்படியே இருப்பதைக் காட்டினார். நம் தெருவில் தேய்க்கிறவன் கை படாத இடத்தையும் சேர்த்துத்தான் தேய்ப்பான், நானும் அப்படித்தான் தேய்த்திருக்கிறேன், இதில் அப்படி இல்லை என்றார்.

“தலை சந்தியாகு போட்டது. போடச் சொன்னது நான். தலை புதுசுன்னு அவனே மூணு புள்ளி குத்தி வச்சிருக்கான். ஒளிக்கணும்னு நெனைக்கிறவன் புள்ளி குத்துவானா?”

சாமியார் எழுந்து, மறுபடியும் பெஞ்சில் கிடத்தியிருந்த செபஸ்தியாரின் மார்பிலிருந்து ஒரு அம்பை மெல்லத் திருகி எடுத்தார்.

அண்ணாச்சி அலகை அந்தக் காயத்தில் வைத்து, நெஞ்சைச் சாய்த்தார். ஆண்கள் யாரும் எண்ணவில்லை. பெண்கள் செபமாலையைக் கையில் எடுத்தார்கள், சுற்றுக்கு ஒரு மணி. ஒன்று சுற்றியது, ஒரு மணி நகர்ந்தது, பத்து சுற்றியது, பத்து மணி நகர்ந்தது, பதினொன்று சுற்றியது, பன்னிரண்டு சுற்றியது, பதின்மூன்று சுற்றியது. பிரகாசியம்மாளுடைய அக்கா அப்போது ‘சேசுவே’ என்று முணுமுணுத்தது பீடம் வரைக்கும் கேட்டதாம். அது சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு செபமாலையின் ஐம்பது மணி முடிந்து மறுபடி தொடங்கினார்கள், இரண்டாவதும் முடிந்தது, ஜன்னல் வழியாக வந்த வெயில் செபஸ்தியாரின் முழங்காலை விட்டு ஏறிச் சுவருக்குப் போனது, மூன்றாவதும் முடிந்தது, அண்ணாச்சியின் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது, அவர் நெஞ்சை எடுக்கவில்லை, இன்னும் மூன்று பத்து மணி, இன்னும் ஏழு மணி. நின்றது. நூற்று எண்பத்தேழு.

முதலில் பேசியவர் தொபியாஸ்தான். “அப்ப பாக்கி நூத்திப் பதிமூணு வருசம் எங்க போச்சு?” என்றார். உடனே ஊரின் சந்தேகம் பாதி அந்தப் பக்கம் திரும்பி, முந்நூறு என்று முதலில் சொன்ன கொள்ளுப்பாட்டன் யார், எதற்காகச் சொன்னான் என்று விசாரிக்கத் தொடங்கியது.

அண்ணாச்சி அதற்குள் செபஸ்தியாரின் காலருகே மண்டியிட்டிருந்தார். கணுக்காலில் நகத்தால் வர்ணத்தைச் சுரண்டினார். தலைமுடி கனத்தில் ஒரு இணைப்புக் கோடு தெரிந்தது. மேலே பழைய மரம், கீழே புது மரம். பூச்சி தின்று உளுத்துப்போன பாதத்தை அறுத்தெடுத்துவிட்டு, அதே அளவில் புதுப் பாதம் செய்து பொருத்தியிருக்கிறார் சந்தியாகு. பாதத்தின் அடியில், முன்னே துளை போட்ட இடத்துக்கு ஒரு விரல்கடைக்கு அப்பால், வர்ணத்துக்குள் மூன்று புள்ளி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அலகை வைத்தபோது யாருக்கும் அது கண்ணில் படவில்லை. விழாவுக்கு முன்னே செபஸ்தியாரின் காலைப் பூச்சி தின்றுவிட்டது என்று தெரிந்தால் கடலுக்குப் போகிறவர்கள் கலங்கிப்போவார்கள், நானே பிறகு சொல்லிக்கொள்கிறேன், நீ வாய் திறக்காதே என்று அந்த வயசான சாமியார் சொல்லியிருப்பார். சொல்லுமுன்னே அவர் போய்விட்டார். சந்தியாகு வாய் திறக்கவில்லை. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஊகித்தார்கள். சொல்ல இரண்டு பேரும் உயிரோடு இல்லை.

தெக்லாவுக்கு மட்டும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. எங்களில் மந்திரித்த செபமாலையோ படமோ சுரூபமோ உடைந்தால் குப்பையில் போட மாட்டோம், மண்ணில் புதைப்போம் என்பது முதல் நன்மை வாங்கின எட்டு வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவள் கோயிலுக்கு நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“அவரு செபஸ்தியார் காலத்தான் பொதச்சிருக்காரு. உளுத்த தூளக்கூடக் கீழ போடல. நான் அத மரத்தூளுன்னு நெனச்சேன். தோண்டிப் பாத்தேன். மூடிட்டேன். ஊரு சந்தேகப்பட்டது பத்தாதுன்னு நானும் சந்தேகப்பட்டேன்.”

அந்த நவம்பரில் சந்தியாகுவின் பேர் வாசிக்கப்பட்டது. தொபியாஸே தம் கையால் முதல் பேராக எழுதியிருந்தார், அதிலும் என்ன காரணமோ என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். கல்வெட்டை இன்னும் மாற்றவில்லை. துரப்பணம் சாமியார் அறை அலமாரியில் அலகு இல்லாமல் தொங்குகிறது. கபிரியேல் அண்ணாச்சி அதற்குப் பிறகு எந்தச் சாமானுக்கும் வயசு சொல்வதில்லை, பாதத்தை முத்தி செய்யும்போது மட்டும் ரொம்ப நேரம் குனிந்திருக்கிறார்.

வேலியோரத்துக் கல்லறைக்கு அன்று ஊரே மெழுகுதிரியோடு போனதாம். தெக்லா வழியை மறித்து நின்றாள். பன்னிரண்டு கல்லறைத் திருநாள் அவர் பேருக்கு இந்த ஊரில் ஒரு திரி ஏறவில்லை, அந்தப் பன்னிரண்டையும் ஏற்ற வேண்டும், ஆனால் அவரை ஒரு நாளும் சந்தேகப்படாத கைதான் ஏற்ற வேண்டும், அப்படி ஒரு கை இந்த ஊரில் இல்லை, நான் இத்தனை நாள் ஏற்றினதும் சேராது என்றாள். வந்தவர்கள் திரிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். அதிலிருந்து அந்த ஊரில் பிறந்து வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள், போன இடத்திலெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி, சந்தேகப்படாத ஆளைத் தேடுகிறார்கள். இதுவரைக்கும் நாலு பேர்தான் கிடைத்திருக்கிறார்கள் என்று சொல்லி முடித்துவிட்டு, பிரகாசியம்மாள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். துரப்பணம் பன்னிரண்டோடு நின்றது என்று அவர்கள் சொன்ன இடத்தில், விற்றுத்தான் இருக்கிறார் பாவி என்று என் மனசு சொல்லிவிட்டது. ஆண்டவரின் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. அவர்கள் என் தோளைத் தட்டிவிட்டு எழுந்து, இரண்டு பேர் செருப்பையும் தேடி எடுத்து வந்தார்கள். செருப்பு எங்கேயும் போயிருக்கவில்லை.

நீங்கள் இதைக் கடைசி வரைக்கும் படித்துவிட்டீர்கள். நடுவில் ஒரு இடத்திலும் அவரை நீங்கள் சந்தேகப்படவில்லை என்றால், வருகிற நவம்பர் இரண்டாம் தேதி, உங்கள் வீட்டிலேயே போதும், ஒரு மெழுகுதிரி ஏற்றி மரக்கலத்துறைச் சந்தியாகு என்று பேரைச் சொல்லுங்கள். சந்தேகப்பட்டிருந்தால் ஏற்ற வேண்டாம், இன்னொருவருக்குச் சொல்லிவிடுங்கள்.